‘பழைய சமயம்’ பிறந்த கதை: விக்காவின் கார்ட்னர் மரபு

1951ஆம் ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1735ஆம் ஆண்டின் சூனியச் சட்டத்தை நீக்கியது. அந்தச் சட்டம் சூனியக்காரர்களைத் தண்டித்தது என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில், சூனியம் என்று ஒன்று இருப்பதையே ஏற்காத சட்டம் அது. 1604ஆம் ஆண்டுச் சட்டம் சூனியக் குற்றத்துக்குத் தூக்குத் தண்டனை விதித்துவந்த நாட்டில், மாந்திரீக ஆற்றல் தனக்கு இருப்பதாகச் சொல்லி ஊரை ஏமாற்றுகிறவருக்கு ஓராண்டுச் சிறை போதும் என்று 18ஆம் நூற்றாண்டின் படித்த வர்க்கம் முடிவுசெய்ததன் விளைவு அது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1944இல், ஆவிகளோடு பேசுவதாகச் சொன்ன ஹெலன் டங்கன் என்ற பெண்மணி இதே சட்டத்தின் கீழ் ஒன்பது மாதச் சிறைத் தண்டனை பெற்றார். ஆவியுலகத் தொடர்பில் நம்பிக்கை கொண்ட சபையினர் தொடர்ந்து வற்புறுத்தியதால்தான் சட்டம் நீங்கியது; போலியாக ஆவிகளை அழைப்பவர்களுக்கு எதிரான சட்டம் அதன் இடத்தில் வந்தது. ஆனால் இந்த மாற்றத்தால் நெடுங்காலப் பயன் அடைந்தவர் வேறொருவர். மலாயாவில் சுங்க அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்று ஊர் திரும்பியிருந்த ஜெரால்ட் கார்ட்னர்தான் அவர்.

கிறித்தவத்துக்கு முற்பட்ட ஐரோப்பாவின் சமயம் முற்றாக அழியாமல் இங்கிலாந்தின் காட்டோரங்களில் மறைவாக வாழ்ந்துவந்திருக்கிறது என்றும், அதில் தீட்சை பெற்ற கடைசிச் சிலரில் தானும் ஒருவர் என்றும் அவர் அறிவித்தார். இன்று விக்கா எனப்படும் சமயம் பொதுவெளிக்கு வந்தது அப்படித்தான். அதன் பழமை குறித்த அந்தக் கூற்றை இன்று வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. மரபுக்குள் இருப்பவர்களிலும் பலர் அதைச் சொற்பொருளாக எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே, பழையதா புதியதா என்ற வாதத்தை நீட்டுவதைவிட, எந்தெந்தச் சரக்கைக் கொண்டு இந்தச் சமயம் கட்டப்பட்டது, அதில் எவ்வளவு இந்தியப் பெருங்கடல் பக்கமிருந்து கப்பலேறிப் போனது என்று பார்ப்பதே எனக்குச் சுவையாகப் படுகிறது.

சொல்லைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. பழைய ஆங்கிலத்தில் மாந்திரீகம் செய்யும் ஆணைக் குறிக்க ஒரு சொல்லும் பெண்ணைக் குறிக்க அதன் பெண்பால் வடிவமும் இருந்தன. ஆண்பாற் சொல்லின் எழுத்துக்கூட்டே இன்று சமயத்தின் பெயராகியிருக்கிறது. அக்காலத்தில் அது ‘விச்சா’ என்பதற்கு நெருக்கமாக ஒலித்திருக்கும். இன்று ‘விக்கா’ என்ற ஒலிப்பே நிலைத்துவிட்டது. கார்ட்னர் இச்சொல்லை இன்னும் ஓர் எழுத்துக் குறைத்து எழுதியதோடு, சமயத்துக்கன்றி அதைப் பின்பற்றும் மக்களுக்குரிய பெயராகவே ஆண்டார். தமிழில் சூனியக்காரி, பில்லி, ஏவல் என்று நம்மிடம் இருக்கும் சொற்கள் எல்லாம் பிறருக்குக் கேடு செய்வதைச் சுட்டுபவை. விக்காவினர் தங்களை ‘விட்ச்’ என்று அழைத்துக்கொள்வது, வசையாக இருந்த ஒரு சொல்லைத் தெரிந்தே பெயராக எடுத்துப் பூண்டுகொண்டது. அதைச் ‘சூனியக்காரி’ என்று பெயர்த்தால் கட்டுரை முழுவதும் தவறான திசையில் போய்விடும் என்பதால் ஆங்கிலச் சொல்லையே வைத்துக்கொள்கிறேன்.

கார்ட்னர் 1884இல் லிவர்பூலுக்கு அருகே, மர இறக்குமதி வாணிகம் செய்த வசதியான குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே ஆஸ்துமா. குளிர்காலங்களை வெப்பமான நாடுகளில் கழிக்கட்டும் என்று குடும்பம் அவரை ஒரு செவிலியோடு அனுப்பிவைத்தது. ஆகவே முறையான பள்ளிக்கல்வி அவருக்குக் கிடைக்கவில்லை. அந்தச் செவிலி இலங்கையில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஓர் ஆங்கிலேயரை மணந்தபோது, 1900ஆம் ஆண்டு, பதினாறு வயதுக் கார்ட்னரும் கூடவே இலங்கைக்கு வந்து தோட்டத்தொழில் கற்றார். தமிழ்நாட்டிலிருந்து கண்டிச்சீமைக்குப் போன தொழிலாளர்கள் கொழுந்து கிள்ளிய அதே மலைகளில், துரைமார் உலகத்தின் உள்ளே நின்று, அவர் வளர்ந்தார். 1910இல் கொழும்பில், மறைவான சடங்குகளோடு உறுப்பினரைச் சேர்க்கும் சகோதரச் சங்கமான ஃப்ரீமேசன் இயக்கத்தில் சேர்ந்தார். மறைவான கூடம், கண்கட்டு, கயிறு, மார்பில் வைக்கப்படும் கூர்முனை, படிப்படியாக ஏறும் மூன்று நிலைகள் ஆகியவற்றை அவர் முதன்முதலில் கண்டது அந்தக் கொழும்புக் கூடத்தில்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு பார்க்கப்போகும் விக்கா தீட்சையில் இவை எல்லாமே வருகின்றன.

இலங்கையிலிருந்து போர்னியோ, அங்கிருந்து மலாயா. முதலில் ரப்பர்த் தோட்டங்களிலும், 1920களிலிருந்து அரசுப் பணியிலும் இருந்தார். ஜோகூரில் சுங்கமும் அபின் விற்பனைக் கண்காணிப்பும் அவர் பொறுப்பில் இருந்தன. ஓய்வு நேரத்தில் மலாய் மக்களின் குறுவாளான கிரிஸைப் பற்றித் தகவல் திரட்டி, மலாய் ஆயுதங்கள் குறித்து 1936இல் ஒரு நூல் வெளியிட்டார். இரும்புக்குள் ஓர் உயிர்ப்பு உறைகிறது, கத்திக்கும் அதை உடையவனுக்கும் இடையே உறவு உண்டு என்ற மலாய் நம்பிக்கைகள் அவருக்கு நன்கு பழகியவை. பின்னாளில் அவர் பரப்பிய சமயத்தின் தலையாய கருவியும் ஒரு கத்தியாகவே அமைந்தது தற்செயல் என்று தள்ளிவிட மனம் வரவில்லை. ஆனாலும் இது என் ஊகம்தான், சான்றுகள் வேறு திசையைக் காட்டுகின்றன. அதைக் கடைசியில் பார்க்கலாம்.

1936இல் ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பியவருக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. மருத்துவ ஆலோசனையின் பேரில் ஆடையின்றி வெயில் காயும் மன்றமொன்றில் சேர்ந்தார். அந்தப் பழக்கம் அவரை விட்டு அகலவே இல்லை. 1938இல் தென்கரையில் ஹைகிளிஃப் என்ற ஊரில் குடியேறி, அருகிலிருந்த கிறைஸ்ட்சர்ச்சில் நாடக அரங்கு ஒன்றை நடத்திக்கொண்டிருந்த ரோசிக்குரூசிய மறைஞானக் குழுவோடு பழகினார். அந்தக் குழுவுக்குள் ஒதுங்கியிருந்த இன்னும் சிலர் தன்னை இழுத்துக்கொண்டார்கள் என்றும், 1939 செப்டம்பரில், உலகப் போர் தொடங்கிய அதே மாதத்தில், ஒரு பெரிய வீட்டில் தனக்குத் தீட்சை அளித்தார்கள் என்றும் அவர் எழுதினார். சடங்கின் நடுவே அந்தப் பழைய சொல் காதில் விழுந்ததும், செத்துப்போனதாக எண்ணியிருந்த சமயம் உயிரோடிருப்பதை உணர்ந்தாராம். நியூ ஃபாரஸ்ட் காட்டை ஒட்டிய பகுதி என்பதால் இந்தக் குழு அந்தக் காட்டின் பெயராலேயே குறிப்பிடப்படுகிறது.

குழுவின் தலைவியாக அவர் சுட்டியவர் ‘முதிய டோரதி’. அப்படி ஒருவர் இருந்ததே இல்லை, எல்லாம் கற்பனை என்று சிலர் எழுதியபோது, கார்ட்னரின் மாணவியும் இக்கட்டுரையில் விரைவில் வரப்போகிறவருமான டோரீன் வாலியன்டே 1980களின் தொடக்கத்தில் பிறப்பு, இறப்புப் பதிவேடுகளைத் தேடி, டோரதி கிளட்டர்பக் என்ற பெண்மணி உண்மையிலேயே ஹைகிளிஃபில் வாழ்ந்து 1951இல் இறந்ததை நிறுவினார். வேடிக்கை என்னவென்றால், டோரதி பிறந்தது இங்கிலாந்தில் அன்று. 1880இல், பிரிட்டிஷ் இந்தியாவில், ஓர் இராணுவ அதிகாரியின் மகளாகப் பிறந்தவர். ஆள் இருந்தது உறுதியானாலும் கதை உறுதியாகவில்லை. ஊர் மதித்த செல்வச் சீமாட்டி, ஆங்கிலிக்கன் திருச்சபையின் உறுப்பினர், நாட்குறிப்புகளில் பூக்களையும் பருவங்களையும் பாடியவர் என்பதைத் தவிர வேறு எதையும் அவர் விட்டுச் சென்றவை தெளிவாகச் சொல்வதில்லை. கார்ட்னரோடு உண்மையில் சேர்ந்து செயல்பட்டவர் ‘டாஃபோ’ என்ற மறைபெயரில் அறியப்பட்ட எடித் உட்ஃபர்ட்-கிரைம்ஸ் என்பதில் ஐயமில்லை. மேடைப் பேச்சுப் பயிற்சி அளித்துவந்த ஆசிரியை அவர். டோரதி என்ற திரை டாஃபோவின் பெயரைக் காக்கத் தொங்கவிடப்பட்டது என்று கருதுபவர்கள் உண்டு. 1940இல் ஹிட்லரின் படை கடல் தாண்டி வராதபடி தடுக்க இக்குழுவினர் காட்டுக்குள் கூடிச் சடங்கு செய்தார்கள் என்ற புகழ்பெற்ற கதைக்கும் கார்ட்னரின் வாய்ச்சொல்லே முதல் ஆதாரம். அவர் சொன்னதை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு ஒரு குறிப்பு: தன்னை முனைவர் என்று சொல்லிக்கொண்டவருக்கு அந்தப் பட்டத்தை எந்த முறையான பல்கலைக்கழகமும் அளித்திருக்கவில்லை.

இந்தக் கதையை அன்றைய படித்தவர்கள் எளிதாக ஏற்றதற்குக் காரணம் மார்கரெட் மர்ரே. கல்கத்தாவில் 1863இல் பிறந்து, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் எகிப்தியல் கற்பித்தவர். ஐரோப்பாவில் 15 முதல் 17ஆம் நூற்றாண்டு வரை சூனியம் செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் பழைய வளமைச் சமயம் ஒன்றின் அடியார்கள், பதின்மூன்று பேர் கொண்ட குழுக்களாகக் கூடி, கொம்புடைய கடவுளை வணங்கியவர்கள் என்று 1921இல் வெளியான தன் நூலில் அவர் வாதிட்டார். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் 1929ஆம் ஆண்டுப் பதிப்பில் சூனியம் பற்றிய கட்டுரையை எழுதும் பொறுப்பு அவருக்கே கிடைத்தது. அதில் தன் கருத்தை ஒரு கருத்தாகக் காட்டாமல், முடிந்த உண்மையாகவே எழுதிவைத்தார். அக்கட்டுரை பல பத்தாண்டுகள் மாறாமல் நின்றது. துறை அறிஞர்கள் தொடக்கத்திலேயே எதிர்த்தார்கள். 1970களில் வரலாற்றாசிரியர் நார்மன் கோன் மூல ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, மர்ரே எடுத்தாண்ட வாக்குமூலங்களில் பறப்பது, உருமாறுவது போன்ற நம்பமுடியாத பகுதிகளை வெட்டிவிட்டு, நடந்திருக்கக்கூடியவை போலத் தோன்றும் வரிகளை மட்டும் எடுத்துக் கோத்திருந்தது வெளிப்பட்டது. சித்திரவதையில் பிடுங்கப்பட்ட வாக்குமூலம் சமய வரலாறாக மாறியது இப்படித்தான்.

கார்ட்னரின் 1954ஆம் ஆண்டு நூலுக்கு முன்னுரை எழுதியவரும் மர்ரேயே. அந்த நூல் வழியாகவும் அதன் பின் வந்தவற்றின் வழியாகவும் இன்னொரு தவறான செய்தியும் ஊன்றியது: தொண்ணூறு இலட்சம் விட்சுகள் எரிக்கப்பட்டார்கள் என்பது. ஐரோப்பா முழுவதும் சேர்த்துக் கொல்லப்பட்டவர்கள் 40,000 முதல் 60,000 வரை இருக்கலாம் என்பதே இன்றைய ஆய்வாளர்களின் கணிப்பு. இங்கிலாந்தில் இந்தக் குற்றத்துக்கு எரிப்பது வழக்கமில்லை, தூக்கிலிடுவதே வழக்கம். சரியான கணக்கே நெஞ்சைப் பிளக்கப் போதுமானதாக இருக்கையில் அதைப் பெருக்கிச் சொல்ல வேண்டிய தேவை ஏன் வந்தது என்று கேட்டால், புதிதாக எழும் ஒரு சமயத்துக்கு முன்னோரும் வேண்டும், அந்த முன்னோருக்கு உயிர்த்தியாகமும் வேண்டும் என்பதுதான் விடை.

சடங்குகளின் மூலம் எங்கே என்று தேடினால் பெரும்பாலும் நூலக அலமாரிகளில் போய் நிற்கிறோம். ‘சாலமோனின் திறவுகோல்’ என்ற மறுமலர்ச்சிக் கால மாந்திரீக நூலை 1889இல் மேதர்ஸ் என்பவர் ஆங்கிலத்தில் வெளியிட்டார். வட்டம் வரைவதும், கருப்புப் பிடிக் கத்தியும் வெள்ளைப் பிடிக் கத்தியும், அவற்றின் மேல் பொறிக்க வேண்டிய குறிகளும் அதிலிருந்து வருகின்றன. நான்கு திசைக் காவல் கோபுரங்களின் தலைவர்களை விளித்து அழைப்பது, மேதர்ஸும் சேர்ந்து நிறுவிய ‘கோல்டன் டான்’ என்ற மறைஞானச் சங்கத்தின் வழக்கம். மூன்று நிலைத் தீட்சை, முன்னர் சொன்னபடி, ஃப்ரீமேசன்களுடையது. இத்தாலிய நாட்டுப்புற மாந்திரீகம் பற்றி அமெரிக்கரான லேலண்ட் 1899இல் வெளியிட்ட ‘அராதியா’ என்ற நூலிலிருந்து தேவியின் வாக்கு வந்தது. மே மாத விழாப்பாட்டில் கிப்ளிங்கின் கவிதை வரிகளே இருக்கின்றன. இவற்றையெல்லாம்விட வெளிப்படையாகத் தெரிந்தது ஆங்கில மறைஞானி அலிஸ்டர் கிரௌலியின் நடை. 1947 மே மாதம் ஹேஸ்டிங்ஸில் முதிய கிரௌலியைக் கார்ட்னர் சந்தித்து, அவருடைய சங்கத்தின் பேரில் கூடம் தொடங்கும் உரிமையும் பெற்றிருந்தார். அதே ஆண்டு டிசம்பரில் கிரௌலி இறந்தார்.

இந்த இடத்தில் ஒரு சிறு விலகல். கிரௌலி 1901இல் இலங்கைக்கு வந்து, கண்டியில் தன் நண்பர் ஆலன் பென்னட்டோடு தங்கி யோகம் பயின்றவர். பென்னட் அதற்கு முன் பொன்னம்பலம் இராமநாதனின் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்து, இராமநாதனிடமே யோகமும் சைவ நெறியும் கேட்டறிந்தவர். பிற்பாடு பௌத்தத் துறவியானார். பிற்காலத்தில் கிரௌலி உருவாக்கிய முறையில் யோகம் பெற்ற இடம் பெரியது. ஆகவே அன்று மலையகத்தில் தேயிலை வேலை பழகிக்கொண்டிருந்த இளம் கார்ட்னருக்கு, நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து ஹேஸ்டிங்ஸில் கிடைத்த மறைஞானச் சரக்கின் ஓர் இழை, கொழும்பில் ஒரு தமிழ்ச் சட்ட அறிஞரின் வீட்டைத் தொட்டுச் சென்றிருந்தது. இதை வைத்து விக்காவில் சைவம் இருக்கிறது என்று யாரும் கட்சி கட்ட வேண்டாம். அந்தக் கால மறைஞான உலகம் எவ்வளவு சிறியது என்பதற்கு மட்டுமே இது சான்று.

இந்தத் தொகுப்புச் சரக்கு ஒரு சமயமாக ஆனதற்குப் பெரும் பங்கு டோரீன் வாலியன்டேக்கு உரியது. 1953ஆம் ஆண்டு நடுக்கோடையில் தீட்சை பெற்றவர், நன்கு படித்தவர், செவியுள்ள கவிஞர். சடங்குகளைக் கேட்ட மாத்திரத்தில் இது கிரௌலி, இது லேலண்ட் என்று அடையாளம் கண்டு கார்ட்னரிடமே கேட்டுவிட்டார். பழைய குழுவிடமிருந்து தனக்குக் கிடைத்தவை துண்டு துணுக்குகளே, இடைவெளிகளைத் தான் நிரப்பினேன் என்பது கார்ட்னரின் பதில். முடிந்தால் நீயே சீராக எழுது என்றும் சொன்னார். அவர் எழுதினார். கிரௌலியின் வரிகளைப் பெருமளவு களைந்து, தேவி தன் அடியார்களிடம் தன் வாயாலேயே பேசுவதாக அமைந்த உரைநடைப் பகுதியைப் புதிதாக யாத்தார். விக்காவின் மிகப் பரவலான வழிபாட்டுப் பனுவல் இன்றும் அதுதான். மரபுக்கு வெளியே நிற்பவர்களும் வரிவரியாக மனப்பாடம் செய்திருக்கும் அந்தப் பகுதியைப் படித்தால், கார்ட்னரின் சொந்த உரைநடைக்கும் இதற்கும் மடுவுக்கும் மலைக்கும் உள்ள தூரம் என்பது உடனே புலப்படும்.

வாலியன்டேயின் துப்பறிதலால் வெளிவந்த இன்னொன்று சடங்கு ஏட்டின் பெயர். விக்காவினர் தங்கள் சடங்கு ஏட்டை ‘நிழல்களின் நூல்’ என்பார்கள். ஒடுக்குமுறைக் காலத்தில் நிழலில் மறைந்து வாழ்ந்ததன் நினைவு அது என்று விளக்கம் சொல்லப்பட்டது. ஆனால் 1949இல் வந்த ஒரு மறைஞான இதழில், கைரேகை பார்ப்பவரான மீர் பஷீர் எழுதிய கட்டுரைக்குத் தலைப்பே அதுதான்; ஒருவரது நிழலின் அளவைக் கொண்டு பலன் சொல்லும் சமஸ்கிருத ஏடு ஒன்றைப் பற்றியது அந்தக் கட்டுரை. அதற்கு எதிர்ப்பக்கத்தில் கார்ட்னரின் மாந்திரீக நாவலுக்கான விளம்பரம் அச்சாகியிருந்தது. ஆடையின்றிச் சடங்கு செய்வதற்கு அவர்கள் வைத்திருக்கும் ‘வானை உடுத்தல்’ என்ற சொல்லும் சமண முனிவர்களின் ‘திகம்பரம்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தது போலவே இருக்கிறது. திசையே ஆடை என்பது நமக்குத் துறவின் எல்லை. அங்கே அது வெயில் காயும் மன்றத்திலிருந்து வழிபாட்டுக்குள் நடந்து வந்த பழக்கம்.

இனி நடைமுறை. குழுவுக்குப் பதின்மூன்று பேர் என்பது இலட்சிய எண்ணிக்கை. பெரும்பாலான குழுக்கள் அதைவிடச் சிறியவை. தலைமைப் பெண் பூசாரியும் அவருக்குத் துணையாக ஆண் பூசாரியும் நடத்துவார்கள்; முதலிடம் பெண்ணுக்கே. கோயில் என்று தனிக் கட்டடம் கிடையாது. வீட்டு முன்னறையில் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு, ஒன்பதடி விட்டத்தில் கத்தியாலோ வாளாலோ ஒரு வட்டத்தைக் காற்றில் கீறுகிறார்கள். உப்பும் நீரும் தெளித்து, சாம்பிராணிப் புகை காட்டி, சுடரேந்திச் சுற்றி வந்து இடத்தைத் தூய்மை செய்கிறார்கள். கிழக்குக்குக் காற்று, தெற்குக்கு நெருப்பு, மேற்குக்கு நீர், வடக்குக்கு மண் என்று பூதங்களைப் பொருத்தி, ஒவ்வொரு திசைக் காவலரையும் விளிக்கிறார்கள். நாம் ஐந்தென்று எண்ணும் பூதங்களில் வானத்தை அவர்கள் திசையில் வைப்பதில்லை. வட்டம் கீறியாகிவிட்டால் அந்த முன்னறை இரு உலகங்களுக்கு இடைப்பட்ட இடமாகக் கருதப்படுகிறது. நடுவில் எழுந்து வெளியே போக வேண்டுமானால்கூடக் கத்தியால் வாயில் திறந்து, போனபின் அடைக்க வேண்டும்.

வழிபாட்டின் உச்சம் ‘நிலவை இறக்குதல்’. ஆண் பூசாரி பெண் பூசாரியின் முன் மண்டியிட்டு, பாதம் தொடங்கி உதடு வரை ஐந்து இடங்களில் முத்தமிட்டு, தேவியை அவர்மேல் இறங்கும்படி வேண்டுகிறார். பிறகு அவர் பேசுவது தேவியின் வாக்காகவே கேட்கப்படுகிறது. சாமியாடிக் குறி சொல்வதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. ஆனால் நம் ஊரில் அருள் வந்தவர் என்ன சொல்வார் என்று யாருக்கும் தெரியாது. அங்கே பெரும்பாலும் வாலியன்டேயின் உரைநடையே மனப்பாடமாக வெளிவருகிறது. அதன் பின் கைகோத்து ஆடியும் ஓதியும் ஆற்றலை எழுப்பி, நோயாளி ஒருவரின் நலம் போன்ற ஒரு குறிக்கோளை நோக்கி அதை அனுப்புகிறார்கள். முடிவில் திராட்சை மதுவும் அப்பமும். கிண்ணத்து மதுவில் கத்தியின் முனையை அமிழ்த்துவது ஆண்மையும் பெண்மையும் கூடுவதன் குறியீடு. மூன்றாம் நிலைத் தீட்சையின் புணர்ச்சிச் சடங்கும் பெரும்பாலும் இந்தக் குறியீட்டளவிலேயே நடக்கிறது. செய்தித்தாள்கள் எழுபது ஆண்டுகளாக எழுதிச் சலிக்காத பகுதி இது என்பதால் இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

முதல் தீட்சையில் விண்ணப்பிப்பவரின் கண் கட்டப்பட்டு, கைகள் கயிற்றால் பிணைக்கப்படும். வட்டத்தின் விளிம்பில் மார்புக்கு நேரே கத்திமுனை வைக்கப்படும். அச்சத்தோடு நுழைவதைவிட இந்த முனையில் பாய்ந்து சாவது மேல் என்ற எச்சரிக்கைக்கு, முழு அன்பும் முழு நம்பிக்கையும் என்ற இரு சொற்களையே அவர் மறுமொழியாகச் சொல்ல வேண்டும். நூலால் அவர் உடலின் அளவெடுத்து அந்த நூலைக் குழுவே வைத்துக்கொள்ளும். காட்டிக்கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கான பிணை அது. மூன்று, ஏழு, ஒன்பது, இருபத்தொன்று என்று நாற்பது மென்மையான சாட்டையடிகள். ஆணுக்குப் பெண்ணும் பெண்ணுக்கு ஆணும் மட்டுமே தீட்சை அளிக்கலாம். இரண்டாம் நிலையில், தேவி பாதாளம் இறங்கி மரணத்தைச் சந்திக்கும் கதையை நடித்துக் காட்டுவார்கள்.

ஆண்டில் எட்டு விழாக்கள் உண்டு. அக்டோபர் இறுதி, பிப்ரவரித் தொடக்கம், மே முதல் நாளின் முந்திய இரவு, ஆகஸ்ட் தொடக்கம் ஆகிய நான்கும் தொடக்கத்திலிருந்தே பெரியவை. சூரியத் திருப்ப நாள்கள் இரண்டும் சமநாள்கள் இரண்டும் அருகில் வரும் பௌர்ணமிக் கூட்டத்தோடு சேர்த்துச் சிறிய அளவில் நடந்துவந்தன. லண்டனுக்கு வடக்கே பிரிக்கெட் வுட் என்ற ஊரில், கார்ட்னர் பங்குதாரராக இருந்த வெயில் காயும் மன்றத்தின் வளாகத்தில் கூடிய குழு 1958இல் அவற்றுக்கும் சம மதிப்புக் கேட்டுப் பெற்றது. எட்டு ஆரங்கள் கொண்ட ‘ஆண்டுச் சக்கரம்’ அப்படி உருவாயிற்று. தொன்மையானவை போல ஒலிக்கும் மேபன், லிதா போன்ற விழாப் பெயர்களை அமெரிக்கரான ஏடன் கெல்லி சூட்டியது 1970களில்தான். ஆஸ்திரேலிய விக்காவினர் இந்தச் சக்கரத்தை ஆறு மாதம் திருப்பி வைத்துக்கொள்கிறார்கள், ஏனெனில் பனியும் தளிரும் அங்கே எதிர் மாதங்களில் வருகின்றன.

தெய்வங்கள் இருவர்: நிலவோடும் மண்ணோடும் இணைந்த தேவி, வேட்டையோடும் மரணத்தோடும் இணைந்த கொம்புடைய கடவுள். கார்ட்னர் மரபில் இவர்களின் பெயர்கள் தீட்சை பெற்றவர்களுக்கே உரியவை. சாத்தான் கிறித்தவ இறையியலின் பாத்திரம் என்பதால் இங்கே அவனுக்கு வேலையில்லை. யாருக்கும் தீங்கில்லையானால் விரும்பியதைச் செய் என்ற நெறிவாக்கை வாலியன்டே 1964இல் பொது மேடையில் சொன்ன பிறகே அது பரவியது. செய்தது மும்மடங்காகத் திரும்பும் என்ற எண்ணமும் அதோடு சேர்ந்து நடக்கிறது. கர்மவினையைக் கணக்கு வழக்கில்லாத பிறவிகளுக்கு நீட்டிப் பழகியவர்களுக்கு மூன்று மடங்கு என்ற துல்லியம் சற்று வியப்பளிக்கும்.

கார்ட்னருக்குச் செய்தியாளர்களைப் பிடிக்கும், வாலியன்டேக்குப் பிடிக்காது. விளம்பரத்தைக் கட்டுப்படுத்த விதிகள் வேண்டும் என்று அவரும் சிலரும் 1957இல் கேட்டபோது, விதிகள் ஏற்கெனவே இருக்கின்றன என்று கார்ட்னர் ஒரு ‘பழஞ்சட்ட’த் தொகுப்பை அனுப்பினார். தலைமைப் பெண் பூசாரி வயதாகும்போது இளையவளுக்கு மகிழ்வோடு இடம்விட வேண்டும் என்ற விதியும் அதில் இருந்தது. அப்படி ஒன்று இருப்பதாக அதுவரை எவரும் கேள்விப்பட்டதில்லை. பழமை என்ற ஆயுதம் முதன்முறையாக உள்ளுக்குள் திரும்பியபோது அது வேலை செய்யவில்லை. வாலியன்டே தன் பக்கத்தாரோடு விலகினார். கார்ட்னர் மேன் தீவின் காசில்டவுனில், செசில் வில்லியம்சனிடமிருந்து வாங்கிய சூனிய அருங்காட்சியகத்தை நடத்திவந்தார். 1964 பிப்ரவரியில், லெபனானில் குளிர்காலம் கழித்துத் திரும்பும் வழியில், கப்பலில் காலை உணவு மேசையில் உயிர் பிரிந்தது. உடல் துனிஸ் நகரில் அடக்கம் செய்யப்பட்டது.

அதே ஆண்டு அலெக்ஸ் சாண்டர்ஸ் இங்கிலாந்தில் தன் பெயரால் ஒரு கிளையை வளர்த்துக்கொண்டிருந்தார். ரேமண்ட் பக்லண்டும் அவர் மனைவியும் கார்ட்னர் மரபை நியூயார்க்கின் லாங் ஐலண்டுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அமெரிக்காவில் அது பெண்ணிய இயக்கத்தோடு கலந்தது. ஆண் கடவுளையும் ஆண் உறுப்பினரையும் விலக்கிய கிளை 1970களில் லாஸ் ஏஞ்சலஸில் தோன்றியது. தீட்சையே வேண்டாம், நூலைப் படித்துத் தனியாகச் செய்யலாம் என்ற வழி 1980களில் பெருகி, எண்ணிக்கையில் குழு மரபுகளை எங்கோ பின்தள்ளிவிட்டது. 1986இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, சிறைக் கைதி ஒருவரின் வழக்கில், விக்கா ஒரு சமயமே என்று ஏற்றது. ஆனால் அவர் கேட்ட சடங்குப் பொருள்களைப் பாதுகாப்பைக் காட்டி மறுத்தது. 2007இல் அந்நாட்டுப் படைவீரர்களின் கல்லறைகளில் ஐங்கோண விண்மீன் பொறிக்க அனுமதி கிடைத்தது. இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்கள் சமயம் விக்கா என்று எழுதியவர்கள் 2011இல் ஏறக்குறைய 12,000 பேர். 2021இல் சுமார் 13,000. இவர்களில் கார்ட்னர் வழிவந்த தீட்சை பெற்றவர்கள் சிறு பகுதியே.

அந்தச் சிறு பகுதியினர் குருபரம்பரையில் கண்டிப்பானவர்கள். உங்களுக்குத் தீட்சை அளித்தவர் யார், அவருக்கு அளித்தவர் யார் என்று பின்னோக்கிப் போனால் கார்ட்னரில் முடிய வேண்டும். ஆண்-பெண் இணை என்ற கட்டாயம் ஒருபாலீர்ப்பு உடையோரை எங்கே நிறுத்துகிறது என்ற கேள்வி அவர்களுக்குள் நீண்டநாள் பூசலை உண்டாக்கியது; கார்ட்னர் இந்த விஷயத்தில் பரிவு காட்டியவர் அல்லர். இன்று பல குழுக்கள் விதியை நெகிழ்த்திக்கொண்டுள்ளன. சில குழுக்கள் நெகிழ்த்தாமலே வைத்திருக்கின்றன. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் ஹட்டன் 1999இல் வெளியிட்ட விரிவான வரலாற்று ஆய்வுக்குப் பிறகு, தொன்மை இல்லை என்பதை அமைதியாக ஏற்றுக்கொண்டு தொடர்பவர்களே இவர்களில் கூடுதல். பெயர்களும் வட்டமும் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு வந்தவை என்பதே அவர்களுக்குப் போதுமானதாக இருக்கிறது.

கைக்கு வருவது என்பது இங்கே உவமை அன்று. தீட்சை பெற்றவர் குருவின் நிழல்களின் நூலைத் தன் கையாலேயே முழுதும் பார்த்தெழுத வேண்டும் என்பது மரபு. பார்த்தெழுதும் இடத்தில் பிழையும் சேரும், வரியும் விழும், விளிம்புக் குறிப்பு உள்ளே புகுந்துகொள்ளும். ஆய்வாளர்கள் இப்போது அந்தப் பிரதிகளின் பாடபேதங்களை ஒப்பிட்டு எது முந்தியது என்று கால வரிசை கட்டுகிறார்கள். கார்ட்னரின் கையெழுத்தில் கிடைத்த பழைய குறிப்பேடு ஒன்று, அவருடைய சேகரிப்பு விலைபோன பிறகு கனடாவின் டொராண்டோவில் காகிதங்களுக்கிடையே அகப்பட்டு, அந்த வரிசைக்கு அடிக்கல்லாயிற்று. கிரிஸ் கத்தியோடு நான் முடிச்சுப் போடப் பார்த்த கருப்புப் பிடிக் கத்தியின் பெயரும் அந்த ஏட்டு உலகத்தைச் சேர்ந்ததே. சாலமோனின் திறவுகோலின் பல்வேறு கைப்பிரதிகளில் அந்தக் கத்தியின் பெயர் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத வடிவங்களில் எழுதப்பட்டிருக்கிறது. பிரெஞ்சுப் பிரதிகளில் அது ‘அர்த்தாம்’ என்று நிற்கிறது. கார்ட்னரின் ஏட்டுக்கு வந்து சேர்ந்தபோது நடுவிலிருந்த ரகரம் உதிர்ந்து, சொல் ‘அத்தமே’ ஆகியிருந்தது.